6746328388800: ஓர் எண்ணுக்கு உரை

ராமானுஜன் என்றதும் 1729 என்பார்கள். லண்டனில் பட்னி என்ற பகுதியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்க கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி 1729 என்ற எண்ணுள்ள டாக்ஸியில் போன கதை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கேட்பவர் “ஆகா” என்று சொல்வதோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. அதனாலேயே ராமானுஜனுக்கு எண்கள் வானத்திலிருந்து விழுந்தன என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிப்போய்விட்டது.

இங்கே உரை எழுத எடுத்துக்கொண்டது அவருடைய வேறோர் எண். லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915ஆம் ஆண்டு, 14ஆம் தொகுதியில், 347ஆம் பக்கம் தொடங்கி 409ஆம் பக்கம் வரை அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று அச்சானது. அதில் ஒரு பெரிய அட்டவணை உண்டு. அட்டவணையின் கடைசி எண் இது. இது யார் கனவிலும் வரவில்லை. போட்டுப் பார்த்து, அடித்து, திரும்பப் போட்டு வந்தது. எப்படி வந்தது என்பதை அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பகா எண், காரணி, அடுக்கு என்ற மூன்று சொற்களும் நினைவில் இருந்தால் போதும்.

மூலம்

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

காரணிகளின் எண்ணிக்கை: 10080

பாயிரம்

உரை என்றால் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும். ஆக்கியவர், களம், காலம், நுதலிய பொருள் ஆகியவை தெரிந்தால்தான் நூல் பிடிபடும்.

ஆக்கியவர்: 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் வந்து சேர்ந்தார். கென்சிங்டனில் குரோம்வெல் சாலையில், இந்திய மாணவர்கள் வந்து இறங்கும் விடுதியில் சில நாள் தங்கிவிட்டுக் கேம்பிரிட்ஜ் போனார்.

களம்: லண்டன் கணிதக் கழகம். 1865இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகத்தின் முதல் தலைவர் அகஸ்டஸ் டி மார்கன். தர்க்கத்தில் ‘டி மார்கன் விதிகள்’ என்று நாம் படிக்கிறோமே, அவரேதான். அவர் பிறந்தது நம் மதுரையில், 1806இல். இன்றைக்கும் கழகம் லண்டன் ரசல் சதுக்கத்தில் டி மார்கன் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் இயங்குகிறது. மதுரையில் பிறந்தவர் முதல் தலைவராக இருந்த சபையில், அரை நூற்றாண்டு கழித்துக் கும்பகோணத்துக்காரரின் கணக்கு ஏறியது.

காலம்: கழகத்தின் 1914 ஜூன் 11 கூட்டத்தில் ராமானுஜனின் முடிவுகளை ஹார்டி எடுத்துரைத்தார். அப்போது ராமானுஜன் இங்கிலாந்து மண்ணை மிதித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து உலகப் போர் மூண்டது. கட்டுரை 1915இல் வெளிவந்தது. இதை முதன்மையாகக் கொண்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழிப் பட்டம் கொடுத்தது. இரண்டு முறை எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

நுதலிய பொருள்

12ஐ எடுத்துக்கொள்வோம். அதை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் காரணி கிடையாது. 18க்கும் ஆறு காரணிகள் உண்டு; ஆனால் 12 முந்திக்கொண்டது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்லும் எண்ணை மிகுபகு எண் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகும்.

இந்த எண்களை மனிதர் வெகுகாலமாகப் புழங்கி வருகிறார்கள். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. ராமானுஜன் வந்து இறங்கிய லண்டனில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக 240 பென்னி. 240க்கு 20 காரணிகள். அவர் விட்டுவந்த சென்னையில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. 192க்கு 14 காரணிகள்தாம். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320க்கும் 14தான். பங்கு பிரிக்கும் வசதியில் அந்த நாளைய பவுன் நம் ரூபாயையும் முந்திரியையும் மிஞ்சிவிட்டது.

காரணம் என்ன? 192 என்பது 2⁶ × 3. 320 என்பது 2⁶ × 5. இரண்டிலும் 2 ஆறு தடவை வந்து, மற்றவை ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கின்றன. நம் மூல எண்ணிலும் 2 ஆறே தடவைதான் வருகிறது. ஆனால் அது பதின்மூன்று இலக்க எண். அந்த எண்ணைக் கட்டியவர் 2ஐ ஆறோடு நிறுத்திவிட்டு வேறெங்கோ செலவழித்திருக்கிறார் என்பது இதிலேயே தெரிகிறது. எங்கே, ஏன் என்பதுதான் இந்த உரை.

எண்ணின் உரு: 6746328388800

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 67,46,32,83,88,800. வாயால் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இந்த உருவத்தில் பார்ப்பவருக்கு இது வெறும் பெரிய எண். முடிவில் உள்ள இரண்டு சுழியங்கள் மட்டும் உள்ளே 5 இரண்டு தடவை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன. மற்றதெல்லாம் பிரித்தால்தான் தெரியும். எனவே இனி வலப்பக்கத்தைப் பற்றியே பேச்சு.

காரணிகளை எண்ணும் வழி

10080 காரணிகளையும் யாரும் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணின் ஒரு காரணியை உண்டாக்க வேண்டும் என்றால், 2 எத்தனை வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம். சுழியம் முதல் ஆறு வரை எடுக்கலாம். ஆக 7 வழி. 3 சுழியம் முதல் நான்கு வரை, 5 வழி. 5க்கும் 7க்கும் மும்மூன்று வழி. 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், இவ்விரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080

அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கு என்பதுதான் சூத்திரம். இதிலிருந்து ஒரு வியாபாரக் கணக்கு பிறக்கிறது. எண் பெரிதாவது நாம் கொடுக்கும் விலை. காரணிகள் பெருகுவது வாங்கும் சரக்கு. இன்னொரு 2 சேர்த்தால் எண் இரண்டு மடங்காகும்; காரணிகள் 7இலிருந்து 8ஆக, அதாவது ஏழில் ஒரு பங்குதான் கூடும். புதிதாக ஒரு 29 சேர்த்தால் எண் 29 மடங்காகும். ஆனால் காரணிகள் அப்படியே இரட்டிக்கும். எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது? மிகுபகு எண்ணுக்கான தேடல் முழுவதும் இந்தக் கேள்விதான்.

அடுக்குகள் இறங்குமுகமாக நிற்பது: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1

எந்த மிகுபகு எண்ணிலும் அடுக்குகள் ஏறாது. 2இன் அடுக்கு 4ஆகவும் 3இன் அடுக்கு 6ஆகவும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். காரணிகள் அதே எண்ணிக்கை; எண் சிறியதாகிவிடும். பெரியது சிறியதிடம் தோற்றுவிட்டது. இரண்டு வரியில் நிரூபணம் முடிந்தது.

நடுவே இடைவெளி விழாததற்கும் இதுவே காரணம். 19ஐ விட்டுவிட்டு 23ஐ எடுத்தவர், 23 இருந்த இடத்தில் 19ஐ வைத்தால் அதே சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஆகவே பகா எண்கள் 2 தொடங்கி ஒன்றுவிடாமல் வரிசையாக வந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

இவை எளிய கூற்றுகள். ராமானுஜன் இதற்கு மேலே போனார். வரிசையின் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான் என்று நிறுவினார்; விதிவிலக்கு 4, 36 என்ற இரண்டே எண்கள். நம் மூலத்தில் 23 தனியாக நிற்பது அந்த விதிப்படி.

2⁶ × 3⁴

இந்தப் பகுதி தரும் பங்கு 7 × 5 = 35. இதை மாற்றிப் பார்ப்போம். மாற்றினால் எண் சிறியதாக வேண்டும். பெரியதானால் போட்டியே இல்லை.

ஒரு 3ஐ எடுத்துவிட்டு ஒரு 2 போடலாம்: 2⁷ × 3³. பங்கு 8 × 4 = 32. குறைந்துவிட்டது. இரண்டு 2ஐ எடுத்துவிட்டு ஒரு 3 போடலாம்: 2⁴ × 3⁵. பங்கு 5 × 6 = 30. இரண்டு 3ஐ எடுத்துவிட்டு மூன்று 2 போடலாம்: 2⁹ × 3². பங்கு 10 × 3 = 30. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் 35 எட்டவில்லை.

முதல் மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு 3க்குப் பதில் ஒரு 2 போட்டதும் நமக்குக் கிடைக்கும் முழு எண் 4497552259200. அதற்கு 9216 காரணிகள். மிகுபகு வரிசையில் நம் எண்ணுக்கு நேர்முன்னால் நிற்பது இந்த எண்தான். இங்கே தோற்றது, அங்கே அரசு. 4497552259200 தொடங்கி நம் எண்ணுக்கு ஒன்று குறைவாக உள்ளது வரை, இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரம் கோடிக்கும் மேற்பட்ட எண்கள் இடையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட 9216க்கு மேல் காரணி இல்லை.

5² × 7²

5உம் 7உம் ஒரே அடுக்கில் நிற்பது முதல் பார்வைக்கு உறுத்தும். 5 மலிவானதாயிற்றே, 5³ × 7 என்று வைத்தால் என்ன? எண் சிறியதாகும், சரி. ஆனால் பங்கு 3 × 3 = 9 என்பதிலிருந்து 4 × 2 = 8ஆக இறங்கும். ஒன்றை மிகையாகக் குவிப்பதைவிட இரண்டைச் சமமாக வைப்பது மேல் என்ற பாடம் இது.

இன்னும் இரண்டு வழி உண்டு. ஒரு 7ஐ எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய 6ஐ, அதாவது ஒரு 2உம் ஒரு 3உம் போடலாம். அப்போது 2, 3, 7 மூன்றும் சேர்ந்து தரும் பங்கு 7 × 5 × 3 = 105 என்பதிலிருந்து 8 × 6 × 2 = 96 ஆகிறது. மாறாக, ஒரு 2உம் ஒரு 3உம் எடுத்துவிட்டு ஒரு 5 போடலாம். 2, 3, 5 சேர்ந்து 105 தந்த இடத்தில் 6 × 4 × 4 = 96. எதிரெதிர்த் திசையில் நகர்ந்தும் ஒரே விடை. இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவு என்றால், நிற்கும் இடம் மேடு.

11 × 13 × 17 × 19

இவை ஒவ்வொன்றும் ஒருமுறைதான். 11ஐ இன்னொரு முறை போட்டால் என்ன என்று கேட்கலாம். 11ஐ உள்ளே கொண்டுவர 12ஐ வெளியே அனுப்ப வேண்டும். அதாவது இரண்டு 2உம் ஒரு 3உம் போக வேண்டும். 2, 3, 11 மூன்றின் பங்கு 7 × 5 × 2 = 70 என்பதிலிருந்து 5 × 4 × 3 = 60 ஆகிவிடும். கட்டுப்படியாகவில்லை. 11க்கே இப்படி என்றால் 13, 17, 19 ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம்.

23

கடைசிப் பகா எண் இத்தனை விலை கொடுத்து வாங்கத் தக்கதுதானா? 23ஐ எடுத்துவிட்டால் எண் 293318625600 ஆகச் சுருங்கும். காரணிகள் பாதியாகி 5040 ஆகும். இப்போது 22 மடங்கு வரை பெருக்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. 23ஐ எட்டாதவரை எண் சிறியதுதான். 22 என்பது 2 × 11. அதைப் போட்டால் 2இன் பங்கு 7இலிருந்து 8ஆகவும், 11இன் பங்கு 2இலிருந்து 3ஆகவும் உயரும். 5040 என்பது 8640 ஆகும். 20 என்பது 2 × 2 × 5. அதைப் போட்டாலும் 8640. 21, 18, 16, 15, 14, 12 ஆகியவை இதற்கும் குறைவு. எதைப் போட்டாலும் 10080 வரவில்லை. 23 தன் இடத்தை நியாயமாகவே பெற்றிருக்கிறது.

வராத 29

உரைகாரர்கள் நூலில் உள்ள சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லி நிறுத்துவதில்லை. சொல்லாமல் விட்டதற்கும் காரணம் காட்டுவார்கள். 23இல் ஏன் நிறுத்தினார்?

29 வந்தால் காரணிகள் இரட்டிக்கும். அதற்கு ஈடாக 29ஐவிடப் பெரியதாக ஒன்றை வெளியே தள்ள வேண்டும். மிக நெருங்கியது 30; ஒரு 2, ஒரு 3, ஒரு 5. தள்ளிப் பார்த்தால் 6521450775840 என்ற எண் கிடைக்கிறது. காரணிகள் 9216. அந்த எண்ணிக்கையை ஏற்கெனவே 4497552259200 எட்டிவிட்டது. 35ஐத் தள்ளினால் 8960. 42ஐத் தள்ளினால் மறுபடி 9216. ஆகவே 29க்கு இன்னும் காலம் வரவில்லை.

ஆனால் தொலைவிலும் இல்லை. இங்கேதான் ராமானுஜனின் மேதைமை வெளிப்படுகிறது. அக்கட்டுரையில் அவர் மிகுபகு எண்களுக்குள்ளும் ஓர் உயர்குலத்தைப் பிரித்தார். அதை மேல்நிலை மிகுபகு எண் என்று சொல்லலாம். காரணிகளின் எண்ணிக்கையை எண்ணின் ஒரு சிறு அடுக்கால் வகுத்து, அந்த விகிதம் எந்த எண்ணுக்கு மிகப் பெரியதாகிறது என்று பார்ப்பது முறை. அடுக்கின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பகா எண், புதிதாகவோ மறுமுறையாகவோ, உள்ளே வரும். எது எப்போது வரும் என்பதும் சூத்திரமாகவே கிடைத்துவிடும். 7 இரண்டாம் முறை வருவது அடுக்கு 0.2084 ஆகும்போது. 29 முதன்முறை வருவது 0.2058இல். 3 நான்காம் முறை வருவது 0.2031இல்.

இந்த வரிசைப்படி 2248776129600 மேல்நிலை எண், காரணிகள் 8064. அடுத்த மேல்நிலை எண் அதன் 29 மடங்கு. இரண்டுக்கும் நடுவே பெரும் இடைவெளி. நம் மூல எண் அந்த 2248776129600இன் சரியாக மூன்று மடங்கு. விகிதக் கணக்கில் 29தான் முதலில் வர வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய அடி எடுத்து வைக்கும் முன், நான்காவது 3 என்ற சின்ன அடியில் ஒரு மிகுபகு எண் கிடைத்துவிட்டது. மேல்நிலை எண்களைச் சூத்திரம் தந்துவிடும். இடையில் உள்ளவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அட்டவணையின் உழைப்பு முழுவதும் இந்த இடைவெளிகளில்தான் போயிருக்கிறது.

10080

காரணிகளின் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்கலாம்: 10080 = 2⁵ × 3² × 5 × 7. அடுக்குகள் இறங்குமுகம், கடைசி அடுக்கு 1. இதன் காரணிகள் 6 × 3 × 2 × 2 = 72. இதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 72 காரணி இல்லை. அதாவது 10080உம் ஒரு மிகுபகு எண். ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டாலும் இதே 10080தான் வரும்.

மிகுபகு எண் ஒன்றின் காரணி எண்ணிக்கையும் மிகுபகு எண்ணாக அமைவது அரிது. காரணிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை காரணிகள் இருக்க முடியும் என்ற கேள்வியையும் ராமானுஜன் அதே கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார்.

விடுபட்ட எண்

உரை நேர்மையாக இருக்க வேண்டுமானால் மூலத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அந்த அட்டவணையில் ஒரே ஒரு மிகுபகு எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600.

இந்த எண்ணை இந்த உரையில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மூல எண்ணிலிருந்து 23ஐ எடுத்ததும் எஞ்சியது இதுதான். 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5040. அதற்கு முன்னே உள்ள மிகுபகு எண் 195545750400, காரணிகள் 4608. பின்னே உள்ளது 321253732800, காரணிகள் 5376. நடுவில் 5040 நிற்க வேண்டிய இடம் அட்டவணையில் இல்லை. கடைசி எண்ணைச் சரியாகப் பிடித்தவரின் கையிலிருந்து அதே எண்ணின் 23இல் ஒரு பங்கு நழுவியிருக்கிறது.

அதிலும் 5040 சாதாரண எண்ணிக்கை அன்று. அதுவும் மிகுபகு எண்தான், காரணிகள் 60. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நல்ல நகரத்துக்கு 5040 குடிகள் வேண்டும் என்றதற்கு, அதை எத்தனையோ விதமாகப் பங்கு பிரிக்கலாம் என்பதே காரணம்.

இந்த விடுபாடு ராமானுஜனின் பெருமையைக் குறைக்கவில்லை. கணிப்பொறி இல்லாத காலத்தில், பதின்மூன்று இலக்கம் வரை, நூறு எண்களுக்கு மேல் சல்லடை போட்டவருக்கு ஒன்றுதான் தவறியது. அருள்வாக்காக இருந்திருந்தால் அந்த ஒன்றும் தவறியிருக்காது. மனித உழைப்பு என்பதற்கு அந்த வெற்றிடமே சாட்சி.

அச்சேறாத பக்கங்கள்

கட்டுரை அவர் எழுதிய முழு அளவில் வரவில்லை. அப்போது கழகத்துக்குப் பணமுடை; பிற்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பக்கங்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வெளிச்சம் பார்க்கவில்லை. 1988இல் டெல்லியில் ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ அச்சானபோது அதனோடு வந்தன. பிரெஞ்சுக் கணித அறிஞர்களான நிக்கொலாவும் ரொபேனும் குறிப்புகள் எழுதி, 1997இல் ‘ராமானுஜன் ஜர்னல்’ என்ற இதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள்.

அதில் ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல், காரணிகளின் கூட்டுத்தொகை போன்றவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் உண்மை என்று எடுத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாது என்பது அவர் முடிவிலிருந்து கிடைக்கிறது. அந்தப் பக்கங்கள் அச்சாகும் முன்பே, 1984இல், ரொபேன் மறுதலையையும் நிறுவியிருந்தார்: 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த எல்லைக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை, ஒன்று மீறினாலும் பொய். கணிதத்தின் மிகப் பெரிய தீராக் கேள்விகளில் ஒன்று பிளேட்டோவின் 5040ஐ எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு நிற்கிறது.

பயன்

அந்த 1915 கட்டுரையில் ஹார்டி வியந்தது சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த ஆளுமையை. இதைவிடப் பெரியது, அதைவிடச் சிறியது என்று இருபுறமும் நெருக்கி, உண்மையை நடுவில் சிக்க வைக்கும் வித்தை அது. மேலே நாம் செய்த 35க்கு 32, 9க்கு 8, 105க்கு 96 என்ற ஒப்பீடுகள் அதன் அரிச்சுவடி. பின்னால் வந்தவர்களும் அங்கிருந்தே தொடர்ந்தார்கள். 1944இல் பால் எர்டோஷ் இதே லண்டன் கழகத்தின் இன்னோர் இதழில், மிகுபகு எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பதை ராமானுஜனைவிடக் கூர்மையாக நிறுவினார்.

நாம் ராமானுஜனுக்குச் சிலை வைக்கிறோம், தபால்தலை போடுகிறோம், அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையைச் சொல்கிறோம். அவர் போட்ட கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த எண்ணைச் சரிபார்க்க உயர்கல்வி தேவையில்லை. பெருக்கல் வாய்ப்பாடும் பொறுமையும் போதும். லண்டனில் சனி, ஞாயிறு தமிழ்ப்பள்ளி நடத்துபவர்களும், தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புக்குக் காரணிகள் நடத்துபவர்களும் 1729 கதையைச் சொல்லி முடித்த கையோடு, கரும்பலகையில் இந்த எண்ணையும் பிரித்து எழுதலாம்.

தொடங்குவதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. 1260க்கு 36 காரணிகள். வரிசையில் அடுத்த மிகுபகு எண் 1680, அதற்கு 40. இரண்டுக்கும் இடையே 36 காரணிகளைத் தாண்டும் எண் எதுவும் இல்லை என்று, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல், பென்சிலும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு நிறுவிப் பாருங்கள்.